திண்ணையில் தொங்கும் சுல்தான்

எங்க வீட்டு வாசல் வடக்குப் பார்த்தது. வீடு வாங்கும்போது 'குபேர திசை'ன்னு ரங்கமணிக்கு வாயெல்லாம் பல். குபேரன் வந்தானோ இல்லையோ, வெயில் வரவே இல்லை. நியூஜெர்சியில் இருக்கும் பழைய வீடு. முன்பக்கம் ஒரு போர்ச். நம்ம ஊர் திண்ணைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு வச்சுக்குங்க. மேலே கூரை, முன்னாடி நாலு மரத்தூண், பக்கத்துலே ஆகாசத்தை அடைச்சுக்கிட்டு ஒரு மேப்பிள் மரம். கோடையில் காலையிலே அரை மணி நேரம் ஓரமா வெயில் எட்டிப் பார்க்கும். அவ்ளோதான்.

போன புதுசுல ரோஜா வச்சேன். குச்சியாச்சு. செவ்வந்தி வச்சேன். இலை மட்டும் வந்துச்சு. மல்லிகை வச்ச கதையைக் கேக்காதீங்க, இப்பவும் மனசு வலிக்குது.

பக்கத்து வீட்டுலே ஒரு பாட்டி. அப்பவே எழுபது தாண்டியிருக்கும். அவங்க போர்ச்சும் எங்களை மாதிரியே வடக்கு பார்த்ததுதான், அதே மேப்பிள் நிழல்தான். ஆனா அங்கே மே மாசம் முடியறதுக்குள்ளே ஆறு கூடை தொங்கும். ஜூலையிலே கூடையே தெரியாது. சிவப்பும் வெள்ளையும் ரோஸுமா ஆறு பூப்பந்து. நான் வேலியோரமா நின்னு பெருமூச்சு விடறதைப் பார்த்துட்டு, ஒருநாள் ஒரு கூடையைக் கழட்டி என் கையிலே கொடுத்துட்டாங்க. கூடவே ஒரே ஒரு பாடம்: "விரலை மண்ணுக்குள்ளே விட்டுப் பார்க்காதே. கூடையை அடியிலே கையக் கொடுத்துத் தூக்கிப் பாரு. லேசா இருந்தா தண்ணி ஊத்து. கனமா இருந்தா சும்மா இரு."

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிட்டு, கீழே உக்கார்ந்து அண்ணாந்து பார்த்தா ஒரு காய் 'பட்'னு வெடிச்சு விதை மூஞ்சியிலே தெறிச்சுது. அடடே... காசித்தும்பை! சின்ன வயசுலே எங்க கொல்லைப்புறத்துலே அம்மா வளர்த்ததுக்குச் சொந்தக்காரி ஆச்சே இவ! பழுத்த காயை ரெண்டு விரலாலே அமுக்கி வெடிக்கவிட்டே பாதி சாயங்காலம் போகும் அப்பெல்லாம். இந்தக் குடும்பத்துக்கே இம்பேஷன்ஸ்னு பேர். பொறுமை இல்லாததுன்னு அர்த்தம். தொட்டா வெடிக்கிற காயாலே வந்த பேரு. நம்ம காசித்தும்பை இந்தியாக்காரி. பாட்டி கொடுத்தது கிழக்கு ஆப்பிரிக்காக்காரி. இவ எப்படி நியூஜெர்சிக்கு வந்து கூடையிலே தொங்கறான்னு தேட ஆரம்பிச்சதுதான் இந்தக் கதை. தேடத்தேட ஒவ்வொண்ணா இழுத்துக்கிட்டு வந்துச்சு. கொஞ்சம் நீளம்தான். காஃபி எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

தொங்குகூடைன்னதும் எல்லாரும் பாபிலோன் தொங்கும் தோட்டத்துலே இருந்துதான் ஆரம்பிப்பாங்க. நான் அங்கே போகப் போறதில்லை. அது தொங்கினதாவும் தெரியலை, அடுக்கடுக்கா மாடத் தோட்டம்னுதான் படிச்சவங்க சொல்றாங்க. பாபிலோன்லே இருந்துச்சாங்கறதுக்கே மண்ணைத் தோண்டினவங்களுக்கு உருப்படியா ஆதாரம் கிடைக்கலை. விட்டுருவோம்.

நம்ம கதைக்கு முதல் ஆள் ஒரு பாதிரியார். ஷார்ல் ப்ளூமியேன்னு பேர், பிரெஞ்சுக்காரர். பதினாலாம் லூயி ராஜா செலவிலே 1689-லே ஆரம்பிச்சு மூணு தடவை கரீபியன் தீவுகளுக்குப் போய் செடி செடியா வரைஞ்சுக்கிட்டு வந்தார். 1703-லே ஒரு புத்தகம் போட்டார். அமெரிக்காவிலே பார்த்த புதுச் செடிவகைகளுக்கெல்லாம் பேர் சூட்டற புத்தகம். பேர் வைக்கறதுலே அவருக்கு ஒரு நல்ல பழக்கம். தனக்கு உதவினவங்க, தான் மதிச்ச பெரியவங்க பேரா வைப்பார். ராஜாகிட்டே தன்னைப் பத்தி எடுத்துச் சொன்ன அதிகாரி மிஷல் பெகோன் பேரிலே ஒண்ணு: பெகோனியா. நூத்தம்பது வருஷம் முந்தி வாழ்ந்து, 1542-லே மூலிகைப் புத்தகம் எழுதின ஜெர்மன் வைத்தியர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் பேரிலே ஒண்ணு: ஃப்யூஷியா. லோபெல்ங்கற இன்னொரு மூலிகைக்காரர் பேரிலே லொபீலியா.

இப்போ இங்கே எந்த நர்சரிக்குப் போனாலும் 'நிழலுக்கான கூடைகள்'னு எழுதின பலகைக்குக் கீழே முதல்ல நிக்கறது யாரு? பெகோனியா, ஃப்யூஷியா, லொபீலியா! முந்நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு பாதிரியார் எழுதின ஒரே புத்தகத்துலே இருந்து மூணு பேரும் நேரா இறங்கி வந்து வரிசையா தொங்கறாங்க. (லொபீலியாவிலே மட்டும் ஒரு சின்னத் தில்லுமுல்லு. அவர் அந்தப் பேரை வச்ச செடி வேற. பின்னாலே லின்னேயஸ் காலத்துலே பேர் இடம் மாறிப்போச்சு.) சரி, ஊருக்கெல்லாம் பேர் வச்சவருக்கு யார் பேர் வச்சாங்க? நம்ம ஊர்க் கோயில்லே, இடுகாட்டுலே எல்லாம் வெள்ளையும் மஞ்சளுமா கொட்டிக்கிடக்குமே ஈழத்தலரி, அதுக்கு ப்ளூமேரியான்னு பேர். அது இவர்தான். நாலாவது பயணம் கிளம்பற நேரத்துலே, 1704-லே, ஸ்பெயின் துறைமுகம் ஒண்ணுலே செத்துப்போனார் பாவம்.

பேர் வச்சாச்சு, செடி? ஃப்யூஷியா உயிரோட ஐரோப்பாவுக்கு வந்து சேர இன்னும் எண்பது வருஷம் ஆச்சு. 1788-லே ஒரு கப்பல் கேப்டன் லண்டன் க்யூ தோட்டத்துக்கு ஒரு செடி கொடுத்ததாப் பதிவு இருக்கு. ஆனா இங்கிலாந்துலே எல்லாரும் சொல்ற கதை அதில்லை. ஹாமர்ஸ்மித்லே ஜேம்ஸ் லீன்னு ஒரு நர்சரிக்காரர். அவர் தோட்டத்துக்கு வந்தவர் ஒருத்தர், "உங்ககிட்டே இல்லாத ஒரு பூவை வாப்பிங் துறைமுகத்துப் பக்கம் ஒரு வீட்டு ஜன்னல்லே பார்த்தேன். குஞ்சலம் குஞ்சலமா தொங்குது"ன்னாராம். லீ ஓடினார். அது ஒரு மாலுமி வீடு. "எம் புருஷன் கொண்டுவந்தது, விக்கமாட்டேன்"னு அந்தம்மா பிடிவாதம். பையிலே இருந்த எட்டு கினியையும் கொட்டி, 'முதல்ல வர்ற கன்னுலே ரெண்டு உனக்கு'ன்னு சத்தியம் பண்ணி வாங்கிட்டு வந்து, அதை ஒடிச்சு ஒடிச்சுப் பதியம் போட்டு, அடுத்த வருஷம் முந்நூறு செடி, செடி ஒரு கினின்னு வித்தாராம்.

கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா இடிக்குது. மாலுமி கொண்டுவந்தது மேற்கிந்தியத் தீவுலே இருந்துன்னு கதை சொல்லுது. அந்தக் காலத்துலே லண்டன்லே வித்ததோ தென் அமெரிக்காவோட தெற்குப் பக்கத்துச் செடி. அச்சிலே வந்ததும் லீ போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் கழிச்சுதான். இருந்தாலும் எனக்கு இந்தக் கதை மேலே ஒரு பிரியம். அந்தம்மாவுக்கு ரெண்டு கன்னு போய்ச் சேர்ந்துச்சுன்னு கதையோட கடைசியிலே மறக்காம சொல்றாங்க பாருங்க, அதுக்காகவே.

ஏன் இந்தப் பூவெல்லாம் குனிஞ்சே தொங்குதுன்னு யோசிச்சிருக்கீங்களா? நான் யோசிச்சதில்லை. ஒரு ஆகஸ்ட் காலையிலே போர்ச்சுலே உக்கார்ந்திருக்கேன், தலைக்கு மேலே பெரிய வண்டு மாதிரி ஒரு சத்தம். பார்த்தா ஹம்மிங் பறவை! கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். ஃப்யூஷியாவுக்குக் கீழே அந்தரத்துலேயே நின்னுக்கிட்டு, அண்ணாந்து மூக்கைப் பூவுக்குள்ளே விடுது. நம்ம ஊர் தேன்சிட்டு பெரும்பாலும் கிளையைப் பிடிச்சு உக்கார்ந்துதான் குடிக்கும். இது உக்காரவே வேண்டாம். அதனாலே பூ தன்னைத் தாங்கிப் பிடிக்க ஒரு மேடை போட்டுத்தர வேண்டியதில்லை, காம்பு மெலிஞ்சு தொங்கலாம். தொங்கினா மழைத்தண்ணி உள்ளே போகாது, தேனும் கரையாது. ஆண்டீஸ் மலையிலே பறவைக்காகத் தொங்கின பூ, இங்கே கீழே நாற்காலியிலே உக்கார்ந்து அண்ணாந்து பார்க்கற நமக்கு அப்படியே பொருந்திப்போச்சு. மேஜை மேலே வச்சா ஃப்யூஷியாவோட முதுகுதான் தெரியும். தொங்கவிட்டாதான் முகம் தெரியும்.

அடுத்தவர் ரிச்சர்ட் பியர்ஸ். இங்கிலாந்துலே வெய்ச்னு ஒரு பெரிய நர்சரிக் கம்பெனி. ஊர் ஊரா ஆள் அனுப்பிச் செடி தேடினவங்க. அவங்களுக்காகப் பெரு, பொலிவியா மலையெல்லாம் ஏறி இறங்கினவர் இந்த பியர்ஸ். 1860-கள்லே அவர் அனுப்பின கிழங்கு பெகோனியாக்கள்தான் இன்னிக்கு ரோஜா சைஸுக்குப் பூக்கற பெகோனியாக்களுக்கெல்லாம் கொள்ளுப்பாட்டி. அதுலே பொலிவியன்சிஸ்னு ஒண்ணு, ஆரஞ்சு சிவப்புலே மணி மணியா தொங்கும். 1867-லே பாரிஸ் கண்காட்சியிலே வச்சதும் ஜனங்க அசந்துட்டாங்க. வெய்ச் கம்பெனியிலே ஜான் சீடன்னு ஒரு தோட்டக்காரர் அதை இன்னொண்ணோட சேர்த்து 1870 வாக்கிலே முதல் ஒட்டுரகத்தைக் கொண்டுவந்தார். பியர்ஸ் அதைப் பார்க்கலை. 1868-லேயே பனாமாவிலே காய்ச்சல் கண்டு இறந்துட்டார். முப்பது வயசு சொச்சம்.

அவர் ஒரு பெகோனியாவைக் கண்டுபிடிச்சது குஸ்கோ பக்கத்துலே பன்னெண்டாயிரம் அடி உயரத்துலே. நம்ம தொட்டபெட்டாவைவிட மூவாயிரம் அடிக்கும் மேலே! இது தெரிஞ்சப்புறம்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்கிச்சு. ஜூலை மாசம் இங்கே ராத்திரியிலேகூடப் புழுங்கும். அப்போ என் கிழங்கு பெகோனியா, ஃப்யூஷியா ரெண்டும் மொட்டெல்லாம் உதிர்த்துட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும். தண்ணி போதலைன்னு ஊத்து ஊத்துன்னு ஊத்தி அழுகவச்சேன். அதுக்கு வேண்டியது தண்ணி இல்லை, ராத்திரிக் குளிர். நிழல் கொடுத்தாச்சு, மலையை எங்கே போய்க் கொடுக்கறது? சென்னையிலே ஃப்யூஷியா வளர்க்க ஆசைப்படறவங்க ஊட்டிக்குக் குடிபோறது நல்லது :-)

இவ்ளோ செடி கப்பல்லே உயிரோட வந்ததுக்கு ஒரு பூச்சி காரணம். லண்டன்லே நத்தானியல் வார்டுன்னு ஒரு டாக்டர். 1829-லே ஒரு அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவை ஈரமண்ணோட பாட்டில்லே போட்டு மூடி வச்சார். பூச்சியைவிட மண்ணுலே முளைச்ச பெரணிதான் அவர் கண்ணிலே பட்டுது. வெளியே லண்டன் புகையிலே பெரணி செத்துக்கிட்டே இருக்கு, மூடின பாட்டில்லே செழிப்பா இருக்கு! தண்ணி ஆவியாகி கண்ணாடியிலே பட்டுத் திரும்பவும் மண்ணுக்கே வருது. உப்புக்காத்தும் உள்ளே போகாது. 1833-லே ரெண்டு கண்ணாடிப் பெட்டியிலே செடி வச்சு சிட்னிக்குக் கப்பல்லே அனுப்பினார். நல்லபடியா போய்ச் சேர்ந்து, அங்கேயிருந்து வேற செடியோட திரும்பியும் வந்துச்சு. இந்த வார்டு பெட்டியிலேதான் சீனாத் தேயிலையும் இமயமலைப் பக்கம் வந்துச்சு. 1845-லே இங்கிலாந்துலே கண்ணாடி வரியை எடுத்தாங்க. கண்ணாடி மலிவாச்சு, நடுத்தர வீடுகள்லேகூடக் கண்ணாடி அறை கட்டினாங்க. தரையிலே இடம் ரொம்பினதும் கண்ணு உத்தரத்துக்குப் போச்சு. கம்பிக்கூடை, உள்ளே பச்சைப்பாசி, அதுக்குள்ளே மண்ணு. நம்ம தொங்குகூடை ஊரெல்லாம் பரவினது இந்த விக்டோரியா ராணி காலத்துலேதான். அமெரிக்காவிலே அது போர்ச்சுக்கு வந்துச்சு. (போர்ச்சுக்கு இன்னொரு பேர் இருக்கே வெராண்டான்னு, அந்தச் சொல்லே இந்தியா வழியாத்தான் இங்கிலீஷுக்குள்ளே போச்சு. திண்ணைக்காரங்க நாம கொஞ்சம் காலரைத் தூக்கிக்கலாம்.)

கூடைகளுக்காகவே ஒரு ஊரையும் சொல்லிடறேன். கனடாவிலே விக்டோரியா. 1937-லே ஊருக்கு 75 வயசாச்சுன்னு விளக்குக்கம்பத்திலெல்லாம் பூக்கூடை மாட்டினாங்க. பிறந்தநாள் முடிஞ்சும் கழட்ட மனசு வரலை. இன்னிக்கும் ஒவ்வொரு கோடைக்கும் ஆயிரத்துக்கும் மேலே மாட்டறாங்க. ராத்திரி ஊர் தூங்கினப்புறம் வண்டியிலே வந்து தண்ணி ஊத்திட்டுப் போவாங்களாம்.

இப்போ நம்ம கதாநாயகிக்கு வருவோம்.

1860-கள்லே லிவிங்ஸ்டன் கூட கிழக்கு ஆப்பிரிக்காவிலே சுத்தினவங்க ரெண்டு பேர். ஜான் கிர்க்னு ஒரு டாக்டர், செடிப் பைத்தியம். ஹொரஸ் வாலர்னு மிஷன் ஆள். ரெண்டு பேரும் அங்கே கண்ணாலே பார்த்தது அடிமை வியாபாரம். கழுத்துலே கவட்டைக்கட்டை மாட்டி வரிசையா கடற்கரைக்கு இழுத்துக்கிட்டுப் போறதை. வாலர் திரும்பிவந்து ஆயுசு முழுக்க அதை எதிர்த்து எழுதினார், பேசினார். லிவிங்ஸ்டனோட கடைசி நாட்குறிப்பைப் பதிப்பிச்சவரும் அவர்தான், 1874-லே. கிர்க் ஸான்ஸிபார் தீவுலே பிரிட்டிஷ் தூதரா உக்கார்ந்தார். ஸான்ஸிபார்லேதான் அந்தக் கடற்கரையோட பெரிய அடிமைச் சந்தை.

லண்டன்லே க்யூ தோட்டத்துலே ஜோசப் ஹூக்கர். 1868-லே ஆப்பிரிக்கச் செடிகளைப் பத்தின ஒரு புத்தகத்துக்காக ஒரு காசித்தும்பை வகைக்குப் பேர் வச்சார்: இம்பேஷன்ஸ் வாலரியானா. வாலர் பேரிலே. 1882-லே கிர்க் ஸான்ஸிபார்லே இருந்து அனுப்பின செடி க்யூவிலே உயிரோட பூத்து நின்னுச்சு. ஹூக்கர் அதைப் பார்த்து, ஆஹா புதுசுன்னு இன்னொரு பேர் வச்சார்: இம்பேஷன்ஸ் சுல்தானி. ஸான்ஸிபார் சுல்தான் பர்காஷ் பேரிலே.

ரெண்டும் ஒரே செடி!

இவ்ளோ பெரிய மனுஷன் எப்படிக் கோட்டை விட்டார்னு கேக்காதீங்க. காசித்தும்பைப் பூவைக் காயவச்சுப் பாருங்க, ஈரத்தாள் மாதிரி சுருங்கி ஒண்ணுமே தெரியாது. காய்ஞ்சதுக்கும் உயிருள்ளதுக்கும் முகஜாடையே இருக்காது. அதுதான் காரணமா இருக்கும்ங்கறது என் ஊகம். ஹூக்கரை இந்தக் குடும்பம் விடவே இல்லை. ஓய்வுபெற்று, இந்தியச் செடிகள் பத்தின ஏழு தொகுதியையும் முடிச்சுட்டு, கடைசிக் காலத்துலே காசித்தும்பைகளைத்தான் கட்டிக்கிட்டு அழுதார். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே எத்தனை வகை! 1911 டிசம்பர்லே 94 வயசுலே இறக்கற வரைக்கும் அதே வேலை.

பேர் விஷயத்துலே செடிக்காரங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. முதல்ல வச்ச பேர்தான் செல்லும். அதனாலே சுல்தான் போய் வாலர் நின்னார். சந்தை என்னாச்சுங்கறீங்களா? பிரிட்டிஷ் கப்பற்படையைக் காட்டி மிரட்டி, கிர்க் 1873 ஜூன்லே அதே பர்காஷ்கிட்டே கையெழுத்து வாங்கிச் சந்தையை மூடவச்சார். சந்தை இருந்த இடத்துலே ஒரு மாதாகோயில் கட்டினாங்க. கட்டினது வாலர் முன்னே வேலை பார்த்த மிஷன். இத்தனையும் என் தலைக்கு மேலே ரோஸ் கலர்லே தொங்கிக்கிட்டு இருந்துச்சுன்னு அதுவரை தெரியாது எனக்கு. விதைக்காரங்க மட்டும் ரொம்ப நாளைக்கு சுல்தானைக் கைவிடலை. இங்கிலாந்துக்காரங்க ரெண்டையும் விட்டுட்டு 'பிஸி லிஸி'ன்னு செல்லப் பேர் வச்சுக்கிட்டாங்க. ஓயாம பூக்கறாளே, அதனாலே.

ஜன்னலோரத் தொட்டிச் செடியா இருந்தவளை அமெரிக்கா முழுக்கத் தொங்கவிட்டவர் க்ளாட் ஹோப், டெக்ஸஸ்காரர். இங்கே நம்ம நீலகிரியும் வருது பாருங்க. மலேரியாவுக்குக் குயினைன். குயினைனுக்கு சிங்கோனா மரப்பட்டை. வெள்ளைக்காரங்க 1860-லே இருந்து ஊட்டிப் பக்கம் சிங்கோனா வளர்த்தாங்க, டச்சுக்காரங்க ஜாவாவிலே வளர்த்து உலகத்துக்கே வித்தாங்க. 1942-லே ஜப்பான் ஜாவாவைப் பிடிச்சதும் அமெரிக்கப் பட்டாளத்துக்கு மருந்துக்குத் திண்டாட்டம். பக்கத்துலேயே வளர்த்துக்கலாம்னு கோஸ்டாரிகாவுக்கு ஆள் அனுப்பினாங்க. அப்படிப் போனவர்தான் ஹோப். சண்டை முடிஞ்சுது, இவர் ஊர் திரும்பலை. கார்த்தாகோ பக்கத்து மலையிலே விதைப்பண்ணை போட்டு உக்கார்ந்துட்டார்.

அந்த ஊர் சாலையோரமெல்லாம் இம்பேஷன்ஸ் காட்டுச்செடியா மண்டிக்கிடந்துச்சு. ஆனா ரெண்டு மூணடி உசந்து, ஒல்லியா, ஆளுக்கொரு பக்கம் சாயும். ஹோப் வருஷக்கணக்கா பொறுக்கிப் பொறுக்கி, குட்டையா, அடியிலேயே கிளைச்சு, உருண்டையா பூக்கற ரகத்தைக் கொண்டுவந்தார். 1960-களோட கடைசியிலே 'எல்ஃபின்'னு விதை வெளியே வந்துச்சு. அதுவரைக்கும் நிழல்னா பெரணிதான். (பாஸ்டன் பெரணின்னு பழைய வீட்டு போர்ச்சிலெல்லாம் தொங்குமே, அதுவும் ஒரு விபத்து. 1894-லே பிலடெல்ஃபியாவிலே இருந்து பாஸ்டன் பக்கம் போன செடிக் கட்டுலே ஒண்ணு மட்டும் வித்தியாசமா வளைஞ்சு நின்னுச்சாம்.) இப்போ நிழல்லே, மே மாசம் தொடங்கி பனி விழற வரைக்கும், காய்ஞ்ச பூவைக்கூடக் கிள்ள வேண்டாத ஒரு செடி! அமெரிக்காவிலே அதிகமா விக்கற பூச்செடிகள்லே முன்வரிசைக்கு வந்துடுச்சு. எங்க பாட்டி கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து முதல் கூடையை மாட்டினது 1971-லேயாம். கணக்கு சரியா வருது. ஹோப் 2000-லே காலமானார். நல்லவேளை, அடுத்து வந்ததை அவர் பார்க்கலை.

2012 ஜூலை. நான் ரெண்டு வாரம் வெளியூர் போயிட்டு வந்து பார்க்கறேன், நாலு கூடையிலேயும் இலை மஞ்சள். ரங்கமணியைப் பிடிச்சு விளாசிட்டேன். "தண்ணியே ஊத்தலையா?" "தினம் ஊத்தினேனே!" "அதான், அதிகமா ஊத்திட்டீங்க!" எப்படிப் பார்த்தாலும் தப்பு அவருதுதான் :-) இன்னும் பத்து நாள்லே பூ போச்சு, இலை போச்சு, பச்சைக்குச்சி மட்டும் கோழிக்கால் மாதிரி நின்னுச்சு. அப்புறம் அதுவும் படுத்துடுச்சு.

பாட்டி வீட்டுப் பக்கம் பார்த்தா ஆறு கொக்கியும் காலி. கூடையெல்லாம் படிக்கட்டுக்குக் கீழே கவுத்து வச்சிருக்கு. போய்ப் பேசினேன். மழுப்பினாங்க. அப்புறம் மெதுவா, "தண்ணி ஊத்தினேனா இல்லையான்னு இப்பல்லாம் ஞாபகம் இருக்கறதில்லை. ரெண்டு தடவை ஊத்திட்டேனோ என்னவோ. நாப்பது வருஷமா ஒரு தடவைகூட இப்படி ஆனதில்லை"ன்னாங்க. அந்தக் கோடையிலே அடுப்பை அணைக்க மறந்துட்டாங்கன்னு பசங்க வந்து ஏற்கெனவே ஒருதடவை பேசியிருக்காங்க. இப்போ இதுவும். கூடையை ஒளிச்சு வச்சது, பசங்க கண்ணிலே படக்கூடாதுன்னுதான்.

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. என் வீட்டுலேயும் இதே கதைதானே! தெருவுலே நடந்து பார்த்தேன். எதிர்வீட்டுப் பாத்தி மொட்டை. மூலைவீட்டுத் தொட்டி மொட்டை. செடி வாங்கின கடையிலே கேட்டா, வெயில் ஜாஸ்தின்னு சொல்லி அனுப்பினாங்க. இலை ஒண்ணைத் திருப்பிப் பார்த்தேன். அடியிலே மாவு தூவின மாதிரி வெள்ளை. அப்புறம்தான் தேடிப் படிச்சேன். அடிச்சாம்பல் நோய். நம்ம ஊர்லே திராட்சைக்கும் கம்புக்கும் வருமே, அந்த வகையறா. இதோட கிருமி ப்ளாஸ்மோபரா ஒப்டூசென்ஸ். பூஞ்சைன்னு சொன்னாலும் உண்மையிலே பாசிக்குத்தான் கிட்டத்து உறவு. 2003-லே இங்கிலாந்துலே ஆட்டம் போட்டுட்டு, 2011, 2012-லே அமெரிக்கா முழுக்க அடிச்சுத் தீர்த்துடுச்சு. காத்துலே வரும். இலை சில மணி நேரம் ஈரமா இருந்தாப் போதும். நிழலும் ஈரமும்தான் அதுக்கும் பிடிச்ச இடம். அதாவது எங்க போர்ச். பாத்தி மண்ணுலே வித்தை விட்டுட்டுப் போனா வருஷக்கணக்கா காத்துக்கிட்டு இருக்கும்.

ஊர் ஊரா, வீடு வீடா, ஒரே செடியை மாட்டி வச்சோம். எந்த நிறமா இருந்தாலும் எல்லாம் அந்த வாலரியானாதான், எதுக்கும் இந்த நோயைத் தாங்கற சக்தி இல்லை. ஒண்ணு விழுந்தா எல்லாம் விழும். நியூகினி இம்பேஷன்ஸ்னு வேற ஒரு வகை இருக்கு. 1970-லே அமெரிக்க வேளாண் துறையும் லாங்வுட் தோட்டமும் சேர்ந்து நியூகினித் தீவுக்கு ஆள் அனுப்பிக் கொண்டுவந்தது. அதுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலை.

நோயைப் பத்தி வந்த கட்டுரையைப் பெரிய எழுத்துலே அச்செடுத்து, காய்ஞ்ச குச்சியோட படத்தையும் சேர்த்துப் பாட்டிகிட்டே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, போர்ச் நாற்காலியிலே உக்கார்ந்து, ஒரு வரி விடாம படிச்சாங்க. முடிச்சுட்டு, "இங்கிலாந்துலேயுமா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். "ராணி வீட்டுலேயும் செத்திருக்கும்"னு சொல்லிட்டு ஒரு சிரிப்பு. தாளை மடிச்சு, ஃப்ரிட்ஜ் கதவுலே காந்தம் போட்டு ஒட்டிட்டாங்க. பசங்க கண்ணிலே படற மாதிரி.

அடுத்த வருஷம் ரெண்டு வீட்டுலேயும் நியூகினியும் பெகோனியாவும் தொங்குச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் பந்து மாதிரி வரலை. 2014-லே பாட்டி மகன் ஊர்லே முதியோர் இல்லத்துக்குப் போனாங்க. போறப்போ ஆறு இரும்புக் கொக்கியையும் கழட்டி, எண்ணெய் போட்டுத் துடைச்சு, எங்கிட்டே கொடுத்துட்டுப் போனாங்க.

2020 வாக்கிலே விதைக் கம்பெனிகள் நோய் தாங்கற வாலரியானாவைக் கொண்டுவந்துட்டாங்க. 'பீக்கன்', 'இமாரா'ன்னு பேர். 2021 மே மாசம் கடையிலே பார்த்ததும் ஆறு செடி அள்ளிக்கிட்டு வந்தேன். வர்ற நோய்க்கிருமி இன்னும் கொஞ்ச வருஷத்துலே இதையும் உடைக்கப் பழகிக்கலாம்னு எச்சரிக்கிறாங்க. அதனாலே இப்பெல்லாம் ஆறுலே மூணுதான் இவ. மத்த மூணுலே பெகோனியா, நியூகினி, ஒரு பெரணி. தண்ணி காலையிலே மட்டும், இலை மேலே படாம மண்ணுக்கு.

கூடைக்கு உள்ளே போட முன்னெல்லாம் பச்சைப்பாசிதான். இப்போ தேங்காய் நார்லே கிண்ணம் மாதிரியே செஞ்சு விக்கறாங்க. மண்ணுக்குப் பதிலா நார்க்கழிவு. போன வசந்தத்துலே வாங்கின கட்டியைத் திருப்பிப் பார்த்தா பொள்ளாச்சி விலாசம்! வாளித் தண்ணியிலே ஊறவச்சேன். ஊறி உப்பினதும் ஒரு வாசனை வந்துச்சு பாருங்க... எங்க ஊர்க் கிணத்தடியிலே தேங்காய் மட்டை ஊறிக்கிட்டுக் கிடக்குமே, அதே வாசனை. ரங்கமணிகூட வாளிக்குள்ளே மூக்கை விட்டுட்டு நின்னார்.

ஆறையும் பாட்டியோட கொக்கியிலே மாட்டியாச்சு. அவரை இப்போ தண்ணி ஊத்த விடறேன். தூக்கிப் பார்த்துட்டுத்தான் ஊத்தணும்னு மட்டும் சொல்லியிருக்கேன்.